மறுத்தலும் மறுத்துண்ணலும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றது. பெயரை மட்டும் கேட்டவர், மூலிகைகளின் பட்டியலையோ விலக்க வேண்டிய பண்டங்களின் வரிசையையோ அங்கே எதிர்பார்த்தல் இயல்பு. ஆனால், அதிகாரம் முழுவதையும் தேடினும் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. ஒரு பண்டத்தின் பெயரும் இல்லை. பத்துக் குறட்பாக்களுள் முதலாவது நோயின் காரணத்தைக் கூறுகிறது. இறுதி மூன்றும் மருத்துவத்தின் இயல்பைக் கூறுகின்றன. இடைநின்ற ஆறும் உணவைப் பற்றியன. அவ்வாறனுள்ளும் 'இப்பண்டத்தை உண்ணற்க' என்னும் கட்டளை யாண்டும் காணப்படவில்லை. எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது, எத்தகைய உடல் உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கே அவை விடை தருகின்றன.

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும், அத்தோட்டங்களை விட்டு நகர்ப்புற அடுக்கு வீடுகளில் குடியேறியோர் இல்லங்களிலும் இன்று நிகழும் பேச்சோ இதற்கு மாறானது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒருவரை முன்னிட்டுத் தேங்காய்ப் பாலும் நெய்யும் அப்பளமும் ஒரே நாளில் அடுக்களையினின்றும் வெளியேற்றப்படுகின்றன. சில வாரங்கள் குழம்பு சுவையற்று நிற்கும். பின்னர் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக ஒட்டுக்கடையை நாடுவர். அங்கே எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாயும் டின் பால் கலந்த தே தாரிக்கும் அளப்பாரின்றிக் கிடைக்கும். வீட்டில் ஒரு கரண்டி மறுக்கப்பட்டது. வெளியில் மூன்று கரண்டி உள்ளே புகுந்தது. இத்தகைய மறுப்பினால் விளையும் நன்மை யாது என்பது ஆராயத்தக்கது.

மறுத்தல் இரு வகை

வள்ளுவர் முற்றாக விலக்கச் சொன்ன உணவு இல்லாமல் இல்லை. 26ஆம் அதிகாரம் 'புலால் மறுத்தல்'. 93ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை'. ஆயினும், முன்னது துறவறவியலில் அருளின் பொருட்டுச் சொல்லப்பட்டது; பின்னது மானமும் அறிவும் கெடும் என்பது பற்றிச் சொல்லப்பட்டது. உடல் நலத்தை நேரே பேசும் 'மருந்து' அதிகாரத்தில், மறுத்தல் என்னும் அதே வினை வேறொரு கருத்தில் ஆளப்படுகிறது. உடலோடு மாறுபடாத உணவை ஒருவன் மறுத்து உண்பானாயின் அவன் உயிர்க்குத் துன்பம் நேராது என்பது 945ஆம் குறளின் கருத்தாகும்.

மறுத்தலும் உண்ணலும் ஒரே தொடரில் எங்ஙனம் இணையும்? உணவை மறுத்தவன் உண்ணான். உண்டவன் மறுத்தவன் ஆகான். இம்முடிச்சைப் பரிமேலழகர் அவிழ்க்கிறார். மனம் வேண்டிய அளவெல்லாம் உண்ணாது, நோய் வாராத அளவில் நிறுத்தி உண்ணுதலையே அவர் இங்கு மறுத்துண்ணலாகக் கொள்கிறார். ஒத்துக்கொள்ளும் உணவுக்கே இவ்விதி சொல்லப்பட்டமை கருதத்தக்கது. நல்ல பண்டம் என்பதற்காக அளவின்றி உண்ணவும் வள்ளுவர் இசைவு தரவில்லை. எனவே, மறுக்கப்படுவது இரண்டாம் முறை நீளும் அகப்பையே எனலாம்.

அடுத்து வரும் 946ஆம் குறள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குறைத்து உண்ணும் அளவறிந்தவனிடத்தில் இன்பம் நிலைபெறுவது போல, பேரளவாக உண்பவனிடத்தில் நோய் நிலைபெறும் என்று அது கூறுகிறது. அளவறிந்து உண்பவனிடத்தில் நீண்ட வாழ்நாள் நிற்கும் என முன்னரே 943இல் கூறிவிட்ட ஆசிரியர், இங்கே இன்பம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். உணவின் சுவையும் உடலின் நலமும் ஒன்றையொன்று பகைப்பன என்ற எண்ணம் அவரிடத்தில் இல்லை என்பது இதனால் தெற்றென விளங்கும்.

செம்பனை கூறும் கதை

ஒரு பண்டத்தை நஞ்சென்று ஒதுக்கியவர், அதனினும் தீயதை அதனிடத்தில் வைத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஜொகூர்த் தமிழர் வாழ்வோடு அது நெருங்கிய தொடர்புடையது.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, மலாயாவில் வாணிக நோக்குடன் முதன்முதல் நடப்பட்டது 1917ஆம் ஆண்டில். இடம், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டம். நட்டவர், பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோகோனியே. 1960களின் தொடக்கத்தில் ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில், தாயிப் அண்டாக்கில், பெல்டாவின் செம்பனைக் குடியேற்றம் தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டுப் பல தோட்டங்களில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பால் வெட்டிய குடும்பங்களே பழக்குலை வெட்டவும் உதிரிப் பழம் பொறுக்கவும் சென்றன. சமையலுக்குத் தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் வாங்கிய வீடுகளில் செம்பனை எண்ணெயும் இடம்பெற்றது.

இங்குச் சொல்லொன்று நோக்கத்தக்கது. எள் என்பதனோடு நெய் என்பது புணர்ந்து எண்ணெய் ஆயிற்று. எனவே, சொல்லளவில் எண்ணெய் என்பது எள்ளின் நெய் ஒன்றையே குறிக்கும். காலப்போக்கில் அதன் பொருள் விரிந்து, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், செம்பனை எண்ணெய் என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. பெயர் பொதுவாயினும் பண்பு பொதுவன்று. இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் நிறைகொழுப்பு, நல்லெண்ணெயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி. பசு நெய்யில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு.

1988ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெருநாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரங்கள் சில வெளிவந்தன. அமெரிக்க மக்களுக்கு நஞ்சூட்டப்படுகிறது என்னும் பொருள்பட அவற்றுக்குத் தலைப்பு இடப்பட்டிருந்தது. வெளியிட்டவர் ஓமாகா நகரத்து வணிகர் பில் சோகோலாஃப். இதய நோயினின்றும் பிழைத்தவர். பிஸ்கட் முதலிய பண்டங்களில் சேர்க்கப்படும் தேங்காய் எண்ணெயையும் பனை எண்ணெய் வகைகளையும் நீக்குமாறு அவர் கோரினார். அவருடைய நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. உணவுத் தொழிலகங்கள் பலவும் அவ்வெண்ணெய்களை நீக்கின.

நீக்கிய இடத்தில் வைக்கப்பட்டது யாது என்பதே வினா. பண்டம் மொறுமொறுப்பாக இருக்கவும் நெடுநாள் கெடாதிருக்கவும் கெட்டியான கொழுப்பு வேண்டும். சோயா போன்ற நீர்த்த எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதனை ஓரளவு கெட்டியாக்கும் முறை முன்பே வழக்கில் இருந்தது. அம்முறையால் 'டிரான்ஸ்' கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு உண்டாகிறது. 1990ஆம் ஆண்டில் டச்சு ஆய்வாளர்களான மென்சிங்க், கட்டான் ஆகிய இருவரும், இது குருதியிலுள்ள தீய கொலஸ்ட்ராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்ட்ராலைத் தாழ்த்தவும் செய்கிறது என்று காட்டினர். பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் ஓரளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்கள் பாதுகாப்பானவை எனக் கொள்ளத்தக்கவை அல்ல என்று தீர்மானித்தது; 2018 முதல் அவற்றை உணவில் சேர்ப்பது அங்கு நின்றது. இந்தியாவில் 1937 முதல் நெய்க்கு மாற்றாக 'டால்டா' என்னும் பெயரில் விற்கப்பட்ட வனஸ்பதியும் இவ்வினத்ததே. எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைக் கடத்தலாகாது என்னும் விதி 2022 சனவரியில் அங்கு நடைமுறைக்கு வந்தது.

இக்கதையைக் கேட்டுச் செம்பனை எண்ணெய் குற்றமற்றது என்று முடிவு கட்டுவது பிழை. நிறைகொழுப்பில் ஒரு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன் முதலியவற்றின் கொழுப்பைக் கொண்டால் தீய கொலஸ்ட்ரால் தாழ்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. நிறைகொழுப்பைக் குறைத்தவர் அவ்விடத்தில் வெள்ளை மாவையும் சர்க்கரையையும் நிரப்பினால் அப்பயன் கிட்டுவதில்லை. ஒரு பண்டத்தைக் குறை கூறுமுன் அதனிடத்தில் வந்து அமர்வது எது என்று கேட்டறிதல் வேண்டும். தொழிலகத்துக்கு உரிய இவ்வினா அடுக்களைக்கும் உரியது.

தீயின் அளவு

அளவு என்பது எல்லார்க்கும் ஒன்றாக இராது. 947ஆம் குறள் இதனைத் தீயின் அளவு என்று குறிக்கிறது. வயிற்றுத் தீயின் அளவை அறியாது பெரிதும் உண்பவனுக்கு நோயும் அளவின்றி வரும் என்பது அதன் கருத்து. முதற் குறளுக்கு உரை கூறும்பொழுது பரிமேலழகர், உணவோடு செயலையும் சேர்த்து, இரண்டும் ஒருவனுக்கு ஒத்த அளவினும் மிகினும் குறையினும் நோய் உண்டாகும் என்பர். உண்ட உணவுக்கும் செய்த வேலைக்கும் உள்ள தொடர்பை இவ்வுரை ஒரே மூச்சில் கூறிவிடுகிறது.

பழைய தோட்ட வாழ்வை இவ்வுரையோடு பொருத்திப் பார்க்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, நானூறு ஐந்நூறு மரங்களுக்குக் கத்தி போட்டு, பால் வாளிகளைச் சுமந்து வந்தவர் உண்ட உணவு அது. சோறு மிகுதி, பருப்பும் கருவாடும் தேங்காயும் துணை, தேநீரில் இனிப்பு மிகுதி. வேர்வையோடு உப்பும் போயிற்று. உழைப்போடு சர்க்கரையும் எரிந்தது. அவர் பேரப் பிள்ளைகள் ஜொகூர் பாரு நகரில் அலுவலக நாற்காலியிலும், பேருந்திலும், தொலைக்காட்சி முன்னும் நாளைக் கழிக்கின்றனர். தட்டு மட்டும் மாறவில்லை; சோற்றின் அளவும் தேநீரின் இனிப்பும் பாட்டனார் காலத்தவையாகவே உள்ளன. தீ தாழ்ந்த பின்னும் விறகு குறைக்கப்படவில்லை. பாட்டனாருக்குக் கேடு செய்யாத உணவு பேரனுக்குக் கேடு செய்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

அளவைக் காத்தவை

முன்னோர் எல்லாரும் திருக்குறள் கற்று அளவோடு உண்டனர் என்று சொல்லுதற்கில்லை. அவர்களை அளவில் நிறுத்தியவை மூன்று: உழைப்பு, விலை, நாள். தேங்காயைத் துருவி, அம்மியில் அரைத்து, கையால் பிழிந்து பால் எடுப்பது எளிய வேலையன்று. ஆதலின் நாள்தோறும் மூன்று வேளையும் தேங்காய்ப் பால் வாராது. நெய் விலையுயர்ந்தது, ஆதலின் துளியாகவே விழுந்தது. வடையும் பாயசமும் பொங்கல், தீபாவளி, திருமணம் ஆகிய நாள்களுக்கு உரியவை.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வீட்டுக்குப் புதியராய் வந்தவரும் விருந்து. அவர் பொருட்டுச் சமைக்கப்பட்டதும் விருந்து. நாள்தோறும் வருவது புதுமை ஆகாது. ஆகவே அது விருந்தும் ஆகாது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலன் அவையில் இரவும் பகலும் ஊன் உண்ட பொருநன், கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போலத் தன் பற்கள் மழுங்கிவிட்டன என்று கூறி, உணவில் வெறுப்புற்றுத் தன் சுற்றத்திடம் செல்ல விடை கேட்கிறான். பெருவேந்தன் அளித்த சோறும் நாள்தோறும் வந்தபொழுது சுவை இழந்தது.

இன்று அம்மூன்று காவலும் நீங்கிவிட்டன. தேங்காய்ப் பால் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது; சமையல் எண்ணெய் உதவித்தொகை விலையில் பொட்டலமாகக் கிடைக்கிறது; வடையும் பொரித்த கோழியும் எந்நாளும் எந்நேரமும் கடையில் உண்டு. உழைப்பும் விலையும் நாளும் காத்த அளவை இனி அறிவு ஒன்றே காத்தல் வேண்டும்.

எண்ணால் அளத்தல்

'அளவோடுதான் உண்கிறோம்' என்று கூறாதவர் இலர். கூற்றை எண்ணால் சோதித்தல் நன்று. நாளொன்றுக்கு 2000 கலோரி உணவு வேண்டுவார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிறைகொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவதால், அவருக்கு எல்லை ஏறத்தாழ 22 கிராம்.

ஐவர் உள்ள வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு 200 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப் பால் சேர்ப்பதாகக் கொள்வோம். அதில் கொழுப்பு ஏறத்தாழ 40 கிராம். அதனுள் நிறைகொழுப்பு 36 கிராம். ஒருவர் பங்குக்கு 7 கிராம். நாள் எல்லையில் மூன்றில் ஒரு பங்கு இதனால் நிரம்பும். சோற்றில் விடும் ஒரு தேக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 3 கிராம். இரண்டும் சேர்ந்தும் 10 கிராமே. இவற்றை உண்டு மகிழ்வதில் குற்றமில்லை. அதே நாளில் காலைப் பசியாறலுக்குத் தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக்கும், மாலையில் பொரித்த பலகாரமும் வந்து சேர்ந்தால் எல்லை உடைந்துவிடும்.

இனிப்புக்கு அந்நிறுவனம் 2015இல் வகுத்த எல்லையும் 10 விழுக்காடு. அதாவது 50 கிராம் சர்க்கரை. அதனையும் பாதியாக்கி 25 கிராமில் நிற்பது மேலும் நன்று என்று அது கூறுகிறது. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 9 கிராம். கோப்பைக்கு இரு கரண்டி ஊற்றி, நாளில் மூன்று கோப்பை குடிப்பவர், ஒரு பலகாரமும் தொடாமலே 54 கிராம் சர்க்கரையை உட்கொள்கிறார். தீபாவளிக்கு உண்ட இரண்டு அதிரசத்தை எண்ணி வருந்துபவர் பலர். ஆண்டு முழுதும் குடித்த தேநீரை எண்ணுபவர் சிலர்.

உப்புக்கு எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகிய மூன்றும் ஒரே தட்டில் கூடுமாயின் குழம்பில் உள்ள உப்புக்கு இடமே இராது. ஒரு வேளைக்கு ஒன்று என்று வகுத்துக்கொண்டால் மூன்றையும் முறைவைத்துச் சுவைக்கலாம். 1302ஆம் குறளில், ஊடல் உணவில் உப்பு அமைந்தாற் போன்றது, அதனை நீள விடுவது உப்புச் சிறிது மிகுந்தாற் போன்றது என்று உவமை கூறப்படுகிறது. உப்பு வேண்டா என்று அவர் சொல்லவில்லை. 'சிறிது மிகுதலே' கெடுதி என்றார்.

அடுக்களையில் உள்ள வழி

சிறிய அளவைக் கொண்டு பெரிய சுவையை எழுப்பும் கலை தமிழர் சமையலில் முன்பே உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கூடலூர் கிழார், புதிதாக இல்லறம் தொடங்கிய ஒருத்தி புளிக்குழம்பு சமைக்கும் காட்சியைத் தீட்டுகிறார். தாளித்த புகை அவள் கண்களை நிறைக்கிறது. தாளிப்புக்கு அங்கு ஆளப்பட்ட சொல் 'குய்' என்பது. கணவன் அதனை இனிது என்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. தாளிப்பின் நுட்பம் யாதெனில், கடுகு, மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் எண்ணெயில் எளிதில் கரையும். சூடான இரு கரண்டி எண்ணெய் அம்மணத்தை ஏந்திச் சென்று பானை முழுவதும் பரப்பும். அதே காயை எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் எண்ணெயின் அளவு பன்மடங்காகும், மணம் பன்மடங்காவதில்லை.

தேங்காய்ப் பாலிலும் இவ்வாறே. முதலில் பிழிந்த கெட்டிப் பாலைத் தனியே வைத்து, இரண்டாம் பிழிவின் நீர்த்த பாலில் காயை வேகவிட்டு, இறக்கும் வேளையில் கெட்டிப் பாலில் சிறிது சேர்ப்பது பழக்கம். மணமும் வழவழப்பும் நாவில் முன்னிற்கும்; கொழுப்பின் அளவு குறைந்து நிற்கும். அப்பளத்தை நான்கு நாள் தணலில் சுட்டு, ஒரு நாள் பொரிக்கலாம். பாயசத்துக்கு இனிப்பைக் குறைத்தால் ஏலமும் பாலும் நன்கு தெரியும். இவை எவையும் பத்தியம் அல்ல, கைப்பழக்கமே.

பிணியின் அளவு

மேற்கூறியன உடல் நலமுள்ளார்க்கு உரியவை. நோயுற்றார்க்கு அளவு வேறு. 949ஆம் குறள் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் மருத்துவ நூல் கற்றவன் ஆராய்தல் வேண்டும் என்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டளவில் இது 15.6 விழுக்காடாகத் தாழ்ந்திருப்பினும், ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பது சிறிய எண்ணன்று. நீரிழிவும் சிறுநீரக நோயும் உற்றவர், 'அளவோடு உண்டால் எதுவும் ஆகும்' என்ற பொதுமொழியை நம்பித் தாமே அளவு வகுத்தல் தகாது. அவர்க்குரிய கரண்டியை மருத்துவரே காட்டுதல் வேண்டும். ஆயினும், அவர் ஒருவர் பொருட்டு வீடு முழுவதும் சுவையிழந்து கடையை நாடுவதினும், வீட்டார் எல்லாரும் அளவான ஒரே குழம்பை அவரோடு அமர்ந்து உண்பது அவருக்கும் துணையாகும்.

'மருந்து' அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இறுதியாக ஒரு கணக்கு. வீட்டில் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் பிரிக்கும் நாளையும் தீரும் நாளையும் மாணவர் குறித்து வரட்டும். ஐவர் உள்ள வீட்டில் அது 10 நாள் வருமாயின், ஒருவர்க்கு நாளொன்றுக்கு 20 கிராம், 180 கலோரி. 5 நாளில் தீருமாயின் 40 கிராம், 360 கலோரி. இரு வீட்டிலும் பண்டம் ஒன்றே, தாளிப்பும் பொரிப்பும் இருக்கலாம், சுவைக்கும் குறைவில்லாதிருக்கலாம். இரு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, அவற்றின் கீழ் 945ஆம் குறளை எழுதினால், மறுத்துண்ணல் என்பதற்குத் தனியே பதவுரை கூற வேண்டியிராது.